அதிகாரமில்லாத நாற்காலியில் ஆறு ஆண்டுகள்

2009 டிசம்பர். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஐ.நா. காலநிலை மாநாட்டின் கடைசி இரவு. அமெரிக்கா, சீனா, இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் தலைவர்கள் தனி அறையில் உட்கார்ந்து சில பக்கங்களில் ஓர் உடன்பாட்டை எழுதி முடித்திருந்தார்கள். வெளியே பெரிய மண்டபத்தில் மற்ற நாடுகளின் பிரதிநிதிகள் தூக்கமில்லாமல் காத்துக் கிடந்தார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதிகாலையில் கூட்டம் கூடியபோது, பேச வாய்ப்புக் கேட்டு வெனிசுவேலாவின் பிரதிநிதி கிளவுடியா சலேர்னோ மேசையைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். கையில் ரத்தம் வந்துவிட்டது. அந்தக் கையைத் தூக்கிக் காட்டி, ஒரு நாடு தன் கருத்தைச் சொல்ல ரத்தம் சிந்தித்தான் ஆகவேண்டுமா என்று கேட்டார்.

நூற்றுக்கும் மேற்பட்ட நாட்டுத் தலைவர்கள் வந்து போன அந்த மாநாடு, உடன்பாட்டை 'கவனத்தில் எடுத்துக்கொண்டது' என்ற ஒரு வரியோடு கலைந்தது. ஏற்றுக்கொள்ளவும் இல்லை, நிராகரிக்கவும் இல்லை. புவி சூடாவதைத் தடுக்க உலக நாடுகள் ஒன்றுசேரும் என்ற நம்பிக்கை அந்த இரவோடு போய்விட்டதாகவே பலரும் எழுதினார்கள். காலநிலை உடன்படிக்கைச் செயலகத்தின் தலைவராக இருந்த இவோ டி போயர் சில வாரங்களில் பதவி விலகலை அறிவித்தார்.

அந்த இடத்துக்கு 2010 மே மாதம் ஐ.நா. பொதுச்செயலர் பான் கி மூன் நியமித்தவர், ஐம்பது லட்சம் மக்கள்கூட இல்லாத கோஸ்டா ரிக்கா என்ற சின்ன நாட்டைச் சேர்ந்த ஒரு பெண். பெயர் கிறிஸ்டியானா ஃபிகேரஸ். வயது 53. முதல் செய்தியாளர் சந்திப்பில் ஒருவர் கேட்டார்: உலகம் முழுவதற்குமான ஒப்பந்தம் எப்போதாவது சாத்தியமா? "என் ஆயுளில் நடக்காது" என்று சட்டென்று சொல்லிவிட்டார். சொன்ன மறுகணமே, தலைவரே நம்பாத ஒன்றை உலகம் எப்படி நம்பும் என்ற கேள்வி தன்னைத் தைத்ததாகப் பின்னாளில் ஒரு மேடையில் அவரே விவரித்திருக்கிறார்.

ஐந்தரை ஆண்டுகள் கழித்து, 2015 டிசம்பர் 12 அன்று, பாரிஸ் ஒப்பந்தம் ஒருமனதாக நிறைவேறியது. மேடையில் ஃபிகேரஸ் கைகளை உயர்த்தி நின்றார்.

என்ன அதிகாரம் இருந்தது?

ஐ.நா. காலநிலை உடன்படிக்கைச் செயலகத்தின் செயல் செயலர் என்ற பதவி கேட்கப் பெரிதாக இருக்கும். ஜெர்மனியின் பான் நகரில் சுமார் 500 பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகம்; அதற்குத் தலைவர். ஆனால் எந்த நாட்டுக்கும் அவரால் உத்தரவு போட முடியாது. வாக்குத் தவறிய நாட்டுக்கு அபராதம் விதிக்க முடியாது. பணம் ஒதுக்க முடியாது. மாநாடுகளைக் கூட்டலாம், வரைவுகளைத் தயாரிக்கலாம், பேசவைக்கலாம். அவ்வளவுதான்.

அதற்கு மேல் இன்னொரு சிக்கல். இந்த மாநாடுகளில் வாக்கெடுப்பு கிடையாது. எல்லாரும் இசைந்தால்தான் முடிவு. எண்ணெய் விற்றே வாழும் சவூதி அரேபியாவும், கடல் மட்டம் உயர்ந்தால் காணாமல் போய்விடும் மார்ஷல் தீவுகளும் ஒரே காகிதத்துக்குத் தலையசைக்க வேண்டும். நிலக்கரியில் அடுப்பெரிக்கும் போலந்தும், கோடிக்கணக்கான வீடுகளுக்கு இனிமேல்தான் மின்சாரம் கொடுக்க வேண்டியிருந்த இந்தியாவும் ஒன்றாகக் கையெழுத்திட வேண்டும்.

உத்தரவு போட முடியாதவர் என்ன செய்ய முடியும்? ஃபிகேரஸின் வாழ்க்கையே இந்தக் கேள்விக்குப் பதில். ஆற்றல் கொள்கை என்றால் மெகாவாட்டும் மானியமும் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இவரது பாதையை ஒருமுறை பார்ப்பது நல்லது.

ராணுவத்தைக் கலைத்தவரின் மகள்

கோஸ்டா ரிக்காவில் 1948இல் 44 நாள் உள்நாட்டுப் போர் நடந்தது. வென்ற படைக்குத் தலைமை தாங்கியவர் ஹோசே ஃபிகேரஸ் ஃபெரர் என்ற விவசாயி. ஆட்சியைப் பிடித்தவர், அதைக் காப்பாற்ற ராணுவத்தைப் பெருக்கவில்லை. 1948 டிசம்பர் 1 அன்று தலைநகர் சான் ஹோசேயின் பெல்லாவிஸ்டா கோட்டைக்குப் போய், சம்மட்டியால் அதன் சுவரை அடித்து, நாட்டின் ராணுவத்தைக் கலைப்பதாக அறிவித்தார். அந்தப் படைவீடு இன்று தேசிய அருங்காட்சியகம். அவரது இடைக்கால ஆட்சியில்தான் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது; 1949இல் தேசிய மின்சார நிறுவனமும் தொடங்கப்பட்டது. ஆறுகளின் நீரை மின்சாரமாக்கி நாடெங்கும் கொண்டுபோகும் பொறுப்பு அந்த அரசு நிறுவனத்திடம் வந்தது.

அந்த மனிதரின் மகள்தான் கிறிஸ்டியானா. 1956இல் பிறந்தவர். அப்பா மூன்று முறை நாட்டை ஆண்டவர். அம்மா காரென் ஓல்சன் பின்னாளில் இஸ்ரேலுக்கான தூதராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். அண்ணன் ஹோசே மரியா 1994 முதல் 1998 வரை அதிபர். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண்ணுக்கு வாய்ப்புகள் எளிதில் கிடைத்திருக்கும் என்பது உண்மை. ஆனால் வாய்ப்பை என்ன செய்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அவர் படித்தது பொறியியலும் அல்ல, பொருளாதாரமும் அல்ல, மானுடவியல். அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் படித்தபோது, கோஸ்டா ரிக்காவின் தலமன்கா மலைப்பகுதியில் பிரிப்ரி பழங்குடி மக்களோடு ஓராண்டு வாழ்ந்தார். பிறகு லண்டன் பொருளியல் பள்ளியில் சமூக மானுடவியலில் முதுகலை. மனிதர்கள் ஏன் அப்படி யோசிக்கிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள், எதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று உட்கார்ந்து கேட்பதுதான் அந்தப் படிப்பின் அடிப்படை. பிற்காலத்தில் நூற்றுத் தொண்ணூற்றைந்து அரசுகளோடு பேச இதைவிடப் பொருத்தமான பயிற்சி வேறு இருந்திருக்காது.

1982இல் பான் நகரத்தில் கோஸ்டா ரிக்கா தூதரகத்தில் வேலை. பின்னர் ஊர் திரும்பி, திட்ட அமைச்சகத்தில் வெளிநாட்டு ஒத்துழைப்புப் பிரிவின் இயக்குநர். அடுத்து வேளாண் அமைச்சரின் அலுவலகத் தலைமை அதிகாரி. ஐரோப்பிய நாடுகளோடு உதவி ஒப்பந்தங்கள் பேசுவது, எந்தத் திட்டத்துக்குப் பணம் தகும் என்று எடைபோடுவது எல்லாம் அங்கே கற்றதுதான். 1989இல் குடும்பத்தோடு வாஷிங்டன் போனார். இரண்டு பெண் குழந்தைகள். சில ஆண்டுகள் வேலையை விட்டு அவர்களை வளர்த்தார்.

காணாமல் போன தங்கத் தேரை

கோஸ்டா ரிக்காவின் மான்டேவெர்டே மலையில் எப்போதும் மேகம் மூடிய ஒரு காடு. அங்கே மட்டும் ஒரு தேரை இனம் இருந்தது. ஆண் தேரை உடல் முழுக்கப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். விரல் நீளம்தான் இருக்கும். மழைக்காலத் தொடக்கத்தில் சில நாட்கள் மட்டும் நூற்றுக்கணக்கில் வெளியே வந்து தேங்கிய தண்ணீரில் முட்டையிடும். ஃபிகேரஸ் சிறுமியாக இருந்தபோது பெற்றோருடன் போய் அதைப் பார்த்திருக்கிறார்.

1987இல் அந்தத் தேரைகளை 1,500க்கும் அதிகமாக ஆய்வாளர்கள் எண்ணினார்கள். 1989 மே மாதம் ஒரே ஓர் ஆண் தேரையைப் பார்த்தார்கள். அதன்பின் யாரும் பார்க்கவில்லை. நீர்நில வாழ்வன இனங்களைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோயும், அந்த ஆண்டுகளின் வறட்சியான வானிலையும் காரணம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஃபிகேரஸின் மகள்கள் பிறந்தது 1988இலும் 1989இலும். தான் பார்த்ததை மகள்களுக்குக் காட்ட முடியாது என்று தெரிந்தபோதுதான், தன் தலைமுறை பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் உலகம் தான் பெற்றதைவிடக் குறைந்தது என்பது உறைத்தது என அவர் பல இடங்களில் பேசியிருக்கிறார். காலநிலைப் பணிக்கு வந்ததற்கு அவர் சொல்லும் காரணம் இதுதான்.

கார்பன் கணக்கும் தமிழ்நாட்டுக் காற்றாலையும்

1994இல் அமெரிக்கக் கண்டத்து நாடுகளில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலை வளர்க்கும் ஒரு திட்டத்தின் தொழில்நுட்பச் செயலகத்துக்கு இயக்குநரானார். மறு ஆண்டே நிலைத்த வளர்ச்சிக்கான ஒரு மையத்தை வாஷிங்டனில் தொடங்கி எட்டாண்டுகள் நடத்தினார். காலநிலைப் பேச்சுகளில் லத்தீன் அமெரிக்க நாடுகள் தங்கள் குரலோடு உட்கார வேண்டும் என்பது அதன் நோக்கம். 1995 முதல் 2010 வரை கோஸ்டா ரிக்கா அணியின் பேச்சாளர்களில் ஒருவராகவும் இருந்தார்.

இந்தக் காலத்தில் அவர் ஆழமாக இறங்கிய விஷயம், 1997ஆம் ஆண்டு கியோட்டோ உடன்படிக்கையில் பிறந்த தூய்மை வளர்ச்சிச் செயல்முறை. அதன் கணக்கு எளிது. உமிழ்வைக் குறைக்கக் கடமைப்பட்ட பணக்கார நாடு, வளரும் நாட்டில் ஒரு காற்றாலைக்கோ சிறு நீர்மின் திட்டத்துக்கோ துணைநிற்கிறது. அதனால் ஒரு டன் கரியமில வாயு குறைந்தால் ஒரு கார்பன் கிரெடிட். அதை வாங்கும் பணக்கார நாடு தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும். விற்கும் வளரும் நாட்டுத் திட்டத்துக்குப் பணம் வரும். தமிழ்நாட்டில் நூற்பாலைகள் நிறுவிய காற்றாலைகள் பலவும் இந்த ஏற்பாட்டில் பதிவானவைதான். 2007இல் இதன் நிர்வாகக் குழுவில் லத்தீன் அமெரிக்கா, கரீபியன் பகுதியின் சார்பில் ஃபிகேரஸ் உறுப்பினரானார்.

இந்தச் செயல்முறைக்குக் கடும் குறைகளும் இருந்தன. சில ரசாயன ஆலைகள் ஒரு கொடிய பசுங்குடில் வாயுவை அழித்துக் கிரெடிட் பெற்றன. கிரெடிட்டுக்காகவே அந்த வாயுவை உண்டாக்கும் உற்பத்தியைக் கூட்டியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2012க்குள் கிரெடிட் விலையும் அதலபாதாளத்துக்குப் போனது. ஆனாலும் பணம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் ஆற்றலும் ஓடும் என்பதை ஃபிகேரஸ் இங்கேதான் நடைமுறையில் படித்தார்.

டர்பனில் ஒரு விடியற்காலை

பொறுப்பேற்றதும் முதல் வேலை, உடைந்த நம்பிக்கையை ஒட்டவைப்பது. 2010 டிசம்பரில் மெக்சிகோவின் கான்குன் நகரில் மாநாடு. தலைமை ஏற்றவர் அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் பத்ரீசியா எஸ்பினோசா. கோபன்ஹேகனில் நடந்தது போல ரகசிய அறைகள் இருக்கக் கூடாது, எந்த வரைவும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும் என்பதில் இருவரும் உறுதியாக இருந்தார்கள். வளரும் நாடுகளுக்கான பசுமைக் காலநிலை நிதியம் அங்கேதான் முடிவானது. பேச்சுவார்த்தை பிழைத்துக்கொண்டது.

அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன். வெள்ளிக்கிழமை முடிய வேண்டிய மாநாடு ஞாயிறு விடியற்காலை வரை இழுத்தது. எல்லா நாடுகளையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் கொனி ஹெடகார்ட் ஒற்றைக்காலில் நின்றார். எதிரே இந்தியாவின் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜன். சென்னையைச் சேர்ந்தவர், தமிழகத்தின் முன்னாள் முதல்வர் பக்தவத்சலத்தின் பேத்தி. நூற்றிருபது கோடி மக்களின் பிழைப்பை, என்ன எழுதப்போகிறார்கள் என்றே தெரியாத ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்க முடியுமா, வரலாறு நெடுக வாயுவை வெளியேற்றியவர்களின் பொறுப்பு எங்கே போனது என்று அவர் எழுப்பிய கேள்விக்கு மண்டபத்தில் பலத்த கைதட்டல். சீனாவின் ஷியே ஷென்ஹுவா அவருக்குத் துணையாகக் குரல் கொடுத்தார்.

கூட்டம் முறியும் நேரம். தலைமை தாங்கிய தென்னாப்பிரிக்க அமைச்சர் மைட்டே நிகோவானா மஷபானே, இரு பெண்களும் அங்கேயே, எல்லார் கண்முன்னும், பேசித் தீர்க்கும்படி பத்து நிமிடம் கொடுத்தார். மண்டபத்தின் நடுவில் ஹெடகார்டும் ஜெயந்தியும் நேருக்கு நேர் நிற்க, சுற்றிலும் பேச்சாளர்கள் வட்டமாக நெருக்கியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். சட்ட வலிமை கொண்ட முடிவு என்ற ஒரு வாசகத்தை பிரேசில் பிரதிநிதி எடுத்துக்கொடுக்க, இரு பக்கமும் ஒப்புக்கொண்டது. 2015க்குள் எல்லா நாடுகளுக்கும் பொருந்தும் புதிய ஒப்பந்தம் என்ற பாதை அந்த விடியற்காலையில்தான் திறந்தது. மேடையில் தலைவர், நடுவில் வாதிட்ட இருவர், செயலகத்தை நடத்தியவர் என அந்த இரவைத் தாங்கிய நால்வரும் பெண்கள். அடுத்த நாளே கனடா கியோட்டோ உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அறிவித்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான், அந்தப் பாதை எவ்வளவு கரடுமுரடானது என்பது விளங்கும்.

நிலக்கரிக்காரர்களின் கூட்டத்தில்

2013 நவம்பரில் மாநாடு போலந்தின் வார்சா நகரில். அதே வாரம், அதே ஊரில், உலக நிலக்கரிச் சங்கம் தனியாக ஒரு மாநாடு கூட்டி ஃபிகேரஸைப் பேச அழைத்தது. போகாதீர்கள் என்று இளைஞர் அமைப்புகள் மன்றாடின. நிலக்கரி மாநாடு நடந்த அமைச்சகக் கட்டடத்தின் கூரையில் கிரீன்பீஸ் அமைப்பினர் ஏறி நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். ஃபிகேரஸ் போனார்.

போய் என்ன பேசினார் என்பதுதான் முக்கியம். திறன் குறைந்த பழைய அனல்மின் நிலையங்களை மூடுங்கள். புதிதாகக் கட்டுபவை அனைத்திலும் வெளியேறும் கார்பனைப் பிடித்துச் சேமிக்கும் ஏற்பாடு இருக்கட்டும். உங்கள் கையிருப்பில் இருக்கும் நிலக்கரியில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடுங்கள். இதை நிலக்கரி நிறுவனத் தலைவர்கள் முன் நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னார். எதிராளியின் வீட்டுக்குப் போய் மரியாதையோடு உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மழுப்பாமல் சொல்வது அவரது வழி.

அந்த ஆண்டு அவருடைய சொந்த வாழ்க்கையிலும் இடி விழுந்தது. நீண்ட காலத் திருமண உறவு முறிந்தது. வியட்நாம் பௌத்தத் துறவி திக் நியட் ஹானின் போதனைகளைப் பற்றிக்கொண்டு எழுந்ததாகவும், பிறர் பேசும்போது குறுக்கிடாமல் முழுமையாகக் கேட்கும் பழக்கத்தை அவரிடம் கற்றிராவிட்டால் பாரிஸ் வரை தாக்குப்பிடித்திருக்க முடியாது என்றும் அவரே வெளிப்படையாகக் கூறியிருக்கிறார்.

மொய் நோட்டுப் போல ஓர் ஒப்பந்தம்

பாரிஸ் ஒப்பந்தத்தின் அடிப்படை, கியோட்டோவுக்கு நேர் எதிர். கியோட்டோவில் பணக்கார நாடுகளுக்கு மட்டும் உமிழ்வு குறைப்பு இலக்குகள் விதிக்கப்பட்டன. அமெரிக்கா அதை அங்கீகரிக்கவே இல்லை. கனடா பாதியில் வெளியேறியது. மேலிருந்து விதித்தது நிற்கவில்லை. புதிய முறையில் ஒவ்வொரு நாடும் தன்னால் என்ன முடியும் என்பதைத் தானே எழுதித் தர வேண்டும். அதோடு விடவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முன்னதைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

நம் ஊர்க் கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். இவ்வளவு எழுது என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் எழுதியது எல்லாரும் பார்க்கும்படி நோட்டில் இருக்கும். அடுத்த முறை அதைவிடக் குறைத்து எழுத யாருக்கும் மனம் வராது. தண்டனையை நம்பாமல் மானத்தை நம்பிக் கட்டிய ஏற்பாடு இது.

இந்த யோசனை ஃபிகேரஸ் ஒருவருடையது அல்ல. பிரான்சின் காலநிலைத் தூதர் லாரன்ஸ் டுபியானா, பல நாடுகளின் பேச்சாளர்கள், சட்ட வல்லுநர்கள் என்று நிறையப் பேரின் உழைப்பு. 2014 நவம்பரில் பெய்ஜிங்கில் ஒபாமாவும் ஷி ஜின்பிங்கும் சேர்ந்து தங்கள் இலக்குகளை அறிவித்தது பெரிய திருப்பம்; அது இரு அரசுகளும் நேரடியாகப் பேசியெடுத்த முடிவு. ஃபிகேரஸ் தன் பங்காகச் செய்தது வேறு: அரசுகளுக்கு வெளியே இருப்பவர்களைத் திரட்டினார். நகர மேயர்கள், ஓய்வூதிய நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள், மதத் தலைவர்கள், மாணவர்கள் என்று தேடித் தேடிப் பேசினார். ஒரு நாட்டின் அமைச்சர் தயங்கும்போது, அந்நாட்டின் தொழிலதிபர்களும் மேயர்களும் முன்னே நகர்ந்துவிட்டார்கள் என்று காட்ட முடிந்தது. பாரிஸ் மாநாட்டுக்குள் 180க்கும் மேற்பட்ட நாடுகள் தங்கள் திட்டங்களை எழுதிக் கொடுத்திருந்தன.

இந்தியா எழுதிக் கொடுத்தது என்ன? 2005ஆம் ஆண்டோடு ஒப்பிட்டு, பொருளாதார உற்பத்தியின் ஒவ்வோர் அலகுக்கும் வெளியேறும் வாயுவை 2030க்குள் 33 முதல் 35 சதவீதம் குறைப்பது; மின் உற்பத்தித் திறனில் 40 சதவீதத்தைப் புதைபடிவ எரிபொருள் அல்லாத வழிகளுக்குக் கொண்டுபோவது.

லே பூர்ஜேயில் பதின்மூன்று நாட்கள்

2015 நவம்பர் 13 இரவு பாரிஸ் நகரில் பயங்கரவாதிகள் 130 பேரைக் கொன்றார்கள். இரண்டு வாரம் கழித்து அங்கே உலக மாநாடு. தள்ளிவைக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. பிரான்ஸ் நடத்தியே தீருவது என்று முடிவெடுத்தது. மாநாட்டின்போது, அது நடந்த லே பூர்ஜே பகுதியின் ரயில் நிலையத்தில் வெடிபொருள் ஒன்று கண்டெடுக்கப்பட்டுச் செயலிழக்கச் செய்யப்பட்டதையும், அந்த நிலையத்தின் வழியாகவே ஆயிரக்கணக்கானோரும் தன் இரு மகள்களும் தினமும் வந்துபோன நிலையில் மாநாட்டைத் தொடர்வதா என்று தான் தவித்ததையும் ஃபிகேரஸ் பின்னர் எழுதியிருக்கிறார்.

கோபன்ஹேகன் பாடம் ஒவ்வோர் ஏற்பாட்டிலும் தெரிந்தது. அங்கே தலைவர்கள் கடைசி நாளில் வந்து சிக்கலில் மாட்டினார்கள். பாரிஸில் சுமார் 150 தலைவர்களை முதல் நாளே வரவழைத்து, அரசியல் உறுதியைச் சொல்லவைத்து, அனுப்பிவிட்டார்கள். அதன்பின் வேலை பேச்சாளர்கள் கையில். டர்பனில் அறிமுகமான, இண்டாபா எனப்படும் தென்னாப்பிரிக்க ஊர்க்கூட்ட முறையைக் கையாண்டார்கள்: மறுப்பைச் சொல்பவர், அதற்கு மாற்று வழியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சூடேற்றத்தை 2 டிகிரிக்குள் நிறுத்தினால் போதும் என்பது பெரிய நாடுகளின் கணக்கு. அந்த இரண்டில் எங்கள் ஊரே மூழ்கிவிடும் என்றன தீவு நாடுகள். மார்ஷல் தீவுகளின் அமைச்சர் டோனி டி புரும் ஏழை, பணக்கார நாடுகளைக் கலந்து ஒரு கூட்டணியைத் திரட்டினார். கடைசிக் கூட்டத்துக்கு அவர்கள் சட்டையில் தென்னங்கீற்றுத் துண்டைக் குத்திக்கொண்டு வரிசையாக வந்தார்கள். 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்துக்குள் வந்தது.

இறுதி நாளில் ஒரு தடங்கல். பணக்கார நாடுகள் உமிழ்வைக் குறைத்தே ஆக வேண்டும் என்று சட்டக் கட்டாயமாக ஓர் இடத்தில் அச்சாகியிருந்தது. அது அப்படியே நின்றால் அமெரிக்க அரசு செனட்டின் ஒப்புதலுக்குப் போக வேண்டும். அங்கே தோல்வி உறுதி. மணிக்கணக்கில் பரபரப்பு. கடைசியில் மேடையிலிருந்து செயலக அதிகாரி எழுத்துப் பிழைகளின் திருத்தப் பட்டியலைப் படித்தபோது, அந்தச் சொல்லும் மென்மையாக்கப்பட்டது. சில நிமிடங்களில், மாநாட்டுத் தலைவரான பிரான்ஸ் அமைச்சர் லொரான் ஃபாபியுஸ் பச்சை இலை வடிவச் சுத்தியலால் மேசையைத் தட்டினார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது, பலர் அழுதார்கள்.

2016 ஏப்ரல் 22 அன்று நியூயார்க்கில் ஒரே நாளில் 175 தரப்பினர் கையெழுத்திட்டார்கள். நவம்பர் 4 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் ஃபிகேரஸ் பதவிக் காலம் முடிந்து ஜூலையிலேயே இறங்கியிருந்தார். அவருக்குப் பின் வந்தவர், கான்குனில் தலைமை வகித்த அதே பத்ரீசியா எஸ்பினோசா.

கணக்குப் பார்த்தால்

பாரிஸ் வெறும் வாக்குறுதிகளின் மூட்டை என்று நாசாவின் முன்னாள் விஞ்ஞானி ஜேம்ஸ் ஹேன்சன் அப்போதே சாடினார். அந்தக் குற்றச்சாட்டை ஒதுக்கிவிட முடியாது. வளரும் நாடுகளுக்கு 2020 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாகச் சொன்ன பணக்கார நாடுகள், அந்தத் தொகையை எட்டியது 2022இல்தான். அமெரிக்கா 2020இல் விலகி, 2021இல் சேர்ந்து, 2025 ஜனவரியில் மீண்டும் விலகும் ஆணையைப் பிறப்பித்தது. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட சுமார் 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது.

மறுபக்கமும் இருக்கிறது. பாரிஸுக்கு முன் நூற்றாண்டு முடிவில் சூடேற்றம் 4 டிகிரியை நெருங்கும் என்று கணிக்கப்பட்டது. இன்றைய கொள்கைகள் அப்படியே தொடர்ந்தால் அது 3 டிகிரிக்குச் சற்றுக் கீழே நிற்கும் என்கின்றன ஐ.நா. அறிக்கைகள். பெரிய சூரிய மின் நிலையங்களில் ஒரு யூனிட் மின்சாரத்தின் அடக்கவிலை 2010க்கும் 2020க்கும் இடையே சுமார் 85 சதவீதம் சரிந்தது. 2030க்கென்று இந்தியா எழுதிக் கொடுத்த 40 சதவீத இலக்கு 2021இலேயே எட்டப்பட்டது. 50 சதவீதமாக உயர்த்தப்பட்ட இலக்கும் 2025 நடுவில் நிறைவேறிவிட்டது. இவை நிறுவப்பட்ட திறனின் கணக்கு. நாட்டில் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான். இருந்தாலும், ஊர் பார்க்க எழுதிக் கொடுத்தது வேலை செய்யும் என்பதற்கு இது சான்று.

ஃபிகேரஸின் சொந்த நாடும் இந்த இரண்டு பக்கத்தையும் காட்டுகிறது. 1980களில் கால்வாசியாகச் சுருங்கிய காட்டுப் பரப்பு, எரிபொருள் வரியிலிருந்து நில உரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்துக் காடு வளர்க்கும் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையோடு, இன்று நாட்டில் பாதிக்கும் மேல் விரிந்திருக்கிறது. ஆறுகள், எரிமலைச் சூடு, காற்று ஆகியவற்றிலிருந்தே 2015க்குப் பிந்தைய பல ஆண்டுகளில் 98 சதவீதத்துக்கும் மேல் மின்சாரம் கிடைத்தது. ஆனால் வாகனங்கள் ஓடுவது பெரும்பாலும் இறக்குமதி எண்ணெயில்தான். 2024இல் வறட்சியால் அணைகள் வற்றியபோது மின்வெட்டை அறிவித்து, மழை வந்ததால் தப்பித்தது அந்த நாடு.

2016இல் ஐ.நா. பொதுச்செயலர் பதவிக்குப் போட்டியிட்டு, சில வாரங்களில் ஃபிகேரஸ் விலகினார். அதன்பின் எந்த அரசுப் பதவியும் இல்லாமலேயே எழுதுகிறார், பேசுகிறார், இளைஞர்களோடு உழைக்கிறார். எல்லாரையும் அரவணைத்துப் போக வேண்டும் என்ற தன் கொள்கையின் எல்லையையும் அவரே வரைந்தார். எண்ணெய் நிறுவனங்கள் மாறும் என்று பல ஆண்டுகள் வாதாடியவர், அவை ஈட்டிய வரலாறு காணாத லாபத்தைத் தூய ஆற்றலில் போடாமல் பங்குதாரர்களுக்கு அள்ளிக் கொடுத்ததைப் பார்த்து, தன் நம்பிக்கை தவறென்று 2023 ஜூலையில் வெளிப்படையாக எழுதினார். 2024 நவம்பரில், இந்த மாநாட்டு முறையே இனிப் போதாது, பேசுவதை விட்டுச் செயலைக் கண்காணிக்கும் அமைப்பாக மாற வேண்டும் என்று கேட்ட திறந்த மடலில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். தான் வளர்த்த அமைப்பையே திருத்தச் சொல்லும் நேர்மை தலைவர்களிடம் அரிது.

ஒவ்வொரு நாடும் எழுதிக் கொடுத்த வாக்குறுதி ஐ.நா. காலநிலைச் செயலகத்தின் இணையதளத்தில் யாரும் படிக்கும்படி இருக்கிறது. வாசகர்கள் சென்னையில் இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் கோலாலம்பூரில் இருந்தாலும் தங்கள் நாட்டின் ஆவணத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள எண்களை வைத்துக்கொண்டு, அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம், எது நிறைவேறியது, எது நிறைவேறவில்லை என்று கேளுங்கள்.